சுவருக்குள் கசியும் குழாய்: உத்தரவாதம் இல்லை என்று கட்டுநர் மறுத்தால் என்ன செய்யலாம்?

செம்மண்டலம் வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். கடலூர் செம்மண்டலத்தில் 24 வீடுகள் கொண்ட அடுக்குமாடிக் குடியிருப்பில், இரண்டாம் மாடியில் நாங்கள் குடியிருக்கிறோம். 2022 ஜூன் மாதம் சாவியைப் பெற்றுக்கொண்டோம். பதிவுச் செலவு நீங்கலாக வீட்டின் விலை 42 லட்சம் ரூபாய். ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்) பதிவு செய்யப்பட்ட திட்டம் என்பதை விளம்பரத்திலேயே பார்த்துத்தான் வாங்கினோம்.

2025 பிப்ரவரியிலிருந்து குளியலறைக்கும் கூடத்துக்கும் இடைப்பட்ட சுவரில் ஈரம் ஏறி வருகிறது. முதலில் பெயின்ட் கொப்புளம் கொப்புளமாக உப்பியது, பிறகு உரிந்தது, இப்போது தரையிலிருந்து இடுப்பளவு உயரம் வரை வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறது. விரல் பட்டாலே பூச்சு மாவாக உதிர்கிறது. சித்திரை வெயிலிலும் அந்தச் சுவர் காயவில்லை. ஈரம் சுவிட்ச் போர்டுக்கு ஒரு சாண் கீழே வந்து நிற்கிறது. கீழ்வீட்டுக் குளியலறையின் கூரையிலும் அதே இடத்துக்கு நேராகக் கறை படிந்திருக்கிறது. முழங்கால் வலியால் அதிகம் நடக்க முடியாத என் மாமியார் அந்தக் குளியலறையைத்தான் பயன்படுத்துகிறார் என்பதால் அதை முழுவதுமாக மூடி வைக்கவும் இயலவில்லை.

கட்டுநருக்கு மின்னஞ்சல் அனுப்பினோம். அவர்கள் அனுப்பிய மேற்பார்வையாளர் சுவரைக் கையால் தட்டிப் பார்த்தார், கைப்பேசியில் படம் எடுத்துக்கொண்டார், சென்றுவிட்டார். பிறகு ஒரு கடிதம் வந்தது. குழாய் வேலைகளுக்கான உத்தரவாதம் ஒப்பந்தப்படி ஒப்படைத்த நாளிலிருந்து பன்னிரண்டு மாதங்கள் மட்டுமே என்று அதில் எழுதியிருக்கிறார்கள். அத்துடன், ஆழ்துளைக் கிணற்றின் உப்புத் தண்ணீரால் குழாய் பழுதடைந்திருக்கலாம் என்றும், 2024 நவம்பர் இறுதியில் வந்த ஃபெஞ்சல் புயலின்போது மழைநீர் சுவருக்குள் இறங்கியிருக்கலாம் என்றும், வெளியாள் கீசர் பொருத்தியதால் இணைப்பு அசைந்திருக்கலாம் என்றும் காரணங்களை அடுக்கியிருக்கிறார்கள். கீசரைப் பொருத்தியவர் அதை விற்ற நிறுவனத்தின் பணியாளர். சுவருக்குள் இருக்கும் எதையும் அவர் தொடவில்லை. "இவ்விவகாரம் குறித்துப் புதுச்சேரி நீதிமன்றங்களுக்கே அதிகாரம் உண்டு" என்று கடிதத்தின் இறுதியில் ஒரு வரி இருக்கிறது; அவர்களுடைய அலுவலகம் புதுச்சேரியில் இருக்கிறது.

டைல்ஸை உடைத்துக் குழாயை மாற்றி, மீண்டும் வாட்டர் ப்ரூஃபிங் செய்து டைல்ஸ் ஒட்ட ஏறக்குறைய 60,000 ரூபாய் ஆகும் என்று ஒரு பிளம்பர் சொல்கிறார். அந்தப் பணத்தைச் செலவழித்துவிட்டுப் பிறகு கேட்பதா, கேட்டு முடிக்கும்வரை சுவரை அப்படியே விட்டு வைப்பதா என்று தெரியவில்லை. இத்தகைய மறுப்பை எதிர்த்து வென்றவர்களோ, இதன் சட்டமும் தொழில்நுட்பமும் அறிந்தவர்களோ வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

கட்டடப் பொறியாளர், புதுச்சேரி (பதில்)

அம்மா, வேறு எதையும் செய்வதற்கு முன் அந்த சுவிட்ச் போர்டுக்குச் செல்லும் மின்சுற்றின் எம்சிபியை (மின்பெட்டியில் அந்தச் சுற்றைத் துண்டிக்கும் சுவிட்சை) அணைத்து வையுங்கள். ஈரச் சுவரும் மின்சாரமும் சேரும் இடத்தில் வழக்கும் கடிதமும் காத்திருக்கலாம், இது காத்திருக்கக் கூடாது. பெட்டியில் ஆர்சிசிபி (மின்கசிவு நேர்ந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருந்தால் அதன் சோதனைப் பொத்தானை அழுத்தி, அது உடனே விழுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

இனி கடிதத்துக்கு வருகிறேன். ஒரே கசிவுக்கு உப்பு, புயல், கீசர் என்று மூன்று காரணங்களைச் சொல்லியிருக்கிறார்கள். மூன்றும் "இருக்கலாம்" என்றே முடிகின்றன. சோதனை செய்து பார்த்தவர் இப்படி எழுத மாட்டார். எதையும் அளந்து பார்க்காமல் எழுதப்பட்ட கடிதம் இது என்பதே உங்களுக்குக் கிடைத்திருக்கும் முதல் சாதகம். அவர்கள் செய்யாத சோதனையை நீங்கள் செய்து, அதை எழுத்தில் வாங்கிவிட்டால் வாதத்தின் பாதி முடிந்துவிடும்.

கசிவு எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். தண்ணீர் வரும் குழாயில் கசிவு இருந்தால், யாரும் குளிக்காத நேரத்திலும் அழுத்தம் குழாய்க்குள் இருந்துகொண்டே இருப்பதால், இரவும் பகலும் நீர் கசியும். கழிவுநீர் போகும் குழாயிலோ, தரையின் வாட்டர் ப்ரூஃபிங்கிலோ பழுது இருந்தால் குளியலறையைப் பயன்படுத்தும் நேரத்தில்தான் ஈரம் கூடும். இரண்டாவதைச் சோதிக்க நஹானி ட்ராப்பின் (தரையில் கழிவுநீர் இறங்கும் துளையின்) வாயைத் துணியும் பிளாஸ்டிக் உறையும் கொண்டு அடைத்து, தரையில் இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி, 24 மணி நேரம் வைத்துக் கீழ்வீட்டுக் கூரையைப் பார்க்க வேண்டும். தண்ணீரில் சமையலுக்குப் பயன்படும் சிவப்புச் சாயத்தைச் சிறிது கலந்தால், கீழே இறங்கும் நீர் எங்கிருந்து வந்தது என்ற சந்தேகமே எழாது.

முதலாவதைச் சோதிக்க அழுத்தமானியுடன் கூடிய கைப்பம்பு வேண்டும். கடலூரிலும் புதுச்சேரியிலும் கட்டட வேலைக்குப் போகும் நல்ல பிளம்பர்கள் பலரிடம் அது இருக்கும். மொட்டைமாடியிலிருந்து உங்கள் குளியலறைக்கு வரும் கேட் வால்வை மூடி, கீசரின் இரண்டு இணைப்புகளையும் கழற்றி, அந்த வாய்களையும் மற்ற குழாய் வாய்களையும் டம்மி பிளக் போட்டு அடைத்துவிட்டு, குளிர்நீர்க் குழாயையும் வெந்நீர்க் குழாயையும் தனித்தனியாக அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். மேல்தொட்டியிலிருந்து பத்து மீட்டர் கீழே இருக்கும் குழாயில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தமே இருக்கும். சோதனைக்கு அதைவிட ஒன்றரை மடங்கு ஏற்றுவது வழக்கம். நல்ல குழாயில் முள் அப்படியே நிற்கும், பழுதான குழாயில் கண்ணெதிரே இறங்கும். அது இறங்குவதைக் கடிகாரமும் படத்தில் தெரியும்படி காணொளியாக எடுத்து வையுங்கள். கீசரைக் கழற்றிய நிலையிலும் முள் இறங்குகிறது என்றால் கீசரைப் பற்றிய அவர்களுடைய காரணம் அங்கேயே அற்றுப்போகிறது.

உப்புத் தண்ணீர் என்ற காரணத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் கடலோரத்தில் இதைச் சொல்லித்தான் பலரைத் திருப்பி அனுப்புகிறார்கள். இன்றைய வீடுகளில் சுவருக்குள் போகும் குழாய் பெரும்பாலும் சிபிவிசி என்ற பிளாஸ்டிக் குழாய். உப்பு நீர் அதை அரிக்காது. ஷவர் துளையை அடைக்கும், கீசரின் காயிலில் படியும், இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். ஆனால் சிபிவிசி குழாயையோ, ஒழுங்காகப் பசை தடவி ஒட்டிய இணைப்பையோ அது ஒன்றும் செய்யாது. சிபிவிசி கசிந்தால், நான் பார்த்தவரை, குழாயை எல்போவுக்குள் (வளைவு இணைப்புக்குள்) முழு ஆழம் செலுத்தாமல் பாதியில் ஒட்டியிருப்பார்கள், அல்லது பசை காயுமுன் தண்ணீரைத் திறந்துவிட்டிருப்பார்கள், அல்லது பித்தளை மரை வைத்த எல்போவை ரிஞ்சால் அளவுக்கு மீறி இறுக்கியதில் அதன் உடம்பில் மயிரிழை போல விரிசல் விட்டிருக்கும். இவை எல்லாமே வேலைத்திறன் குறைபாடுகள். மாறாக, சுவருக்குள் ஜிஐ நிப்பிள் (துத்தநாகம் பூசிய இரும்பு இணைப்புத் துண்டு) போட்டு அது துருப்பிடித்திருந்தால், நிலத்தடி நீர் உவர்ப்பானது என்று தெரிந்த கடலூரில் அதைத் தேர்ந்தெடுத்தவர் கட்டுநரே ஆவார். அதுவும் பொருளின் தரத்தில் நேர்ந்த குறைபாடுதான்.

புயலைப் பொறுத்தவரை, உங்கள் சுவர் வெளிச்சுவரா உட்சுவரா என்பதை வரைபடத்தில் குறித்துக் காட்டுங்கள். கூடத்துக்கும் குளியலறைக்கும் நடுவே நிற்கும் சுவரில் மழை நேராகப் படுவதில்லை. நவம்பரில் இறங்கிய மழைநீர் பிப்ரவரியில் தோன்றிச் சித்திரையிலும் காயாமல் இருப்பதற்கு ஊற்று ஒன்று வேண்டும், அந்த ஊற்று குழாய்தான்.

கடைசியாக ஒன்று. சுவரை உடைக்கும் நாளில் வெட்டியெடுக்கும் குழாய்த் துண்டை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். அதன் மேல் அச்சிட்டிருக்கும் நிறுவனப் பெயர், அளவு, எஸ்டிஆர் எண் (குழாயின் விட்டத்துக்கும் தடிமனுக்கும் உள்ள விகிதம்), ஐஎஸ் 15778 என்ற தர எண் ஆகியவை தெரியும்படி படம் எடுத்து, துண்டை உறையிலிட்டு, தேதியுடன் சாட்சிகள் இருவரின் கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.

வழக்கறிஞர், கடலூர் (பதில்)

பொறியாளர் ஐயா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். இத்தகைய வழக்குகள் காரணத்தை நிரூபிப்பதில்தான் நிற்கின்றன. சட்டம் உங்கள் பக்கம் எவ்வளவு தெளிவாக இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை மற்றும் மேம்பாட்டுச் சட்டத்தின் 14(3) பிரிவு கட்டமைப்புக் குறைபாட்டோடு நின்றுவிடவில்லை. வேலைத்திறன், தரம், வசதிகளை அளித்தல் ஆகியவற்றில் உள்ள குறைபாடுகளையும் சேர்த்தே சொல்கிறது. ஒப்படைத்த நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் குறைபாடு கட்டுநரின் கவனத்துக்குக் கொண்டுவரப்பட்டால், கூடுதல் கட்டணம் ஏதுமின்றி 30 நாட்களுக்குள் அவர் அதைச் சரிசெய்து தர வேண்டும். தவறினால் வீடு வாங்கியவர் இழப்பீடு பெற உரிமை உடையவர். உங்களுக்கு அந்த ஐந்தாண்டு 2027 ஜூனில்தான் முடிகிறது. பன்னிரண்டு மாதம் என்று ஒப்பந்தத்தில் எழுதியிருப்பதைக் கண்டு பலர் மனம் தளர்ந்துவிடுகிறார்கள். சட்டம் ஒருவர் மீது சுமத்தும் கடமையை ஒப்பந்தத்தின் ஒரு வாசகத்தால் குறைத்துவிட முடியாது. ஒரு சட்டத்தின் நோக்கத்தையே முறியடிக்கும் உடன்பாடு செல்லாது என்பதை 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டமே 23ஆம் பிரிவில் சொல்லியிருக்கிறது. உங்கள் பதில் கடிதத்தின் முதல் பத்தியில் இவ்விரண்டையும் குறிப்பிடுங்கள்.

அந்தப் பதில் கடிதத்தை மின்னஞ்சலில் மட்டும் அனுப்பாமல், ஒப்புகையுடன் கூடிய விரைவுத் தபாலிலும் அனுப்புங்கள். ஒப்படைப்புத் தேதி, குறை முதலில் தெரிந்த மாதம், மின்னஞ்சல் அனுப்பிய தேதி, அவர்களுடைய மேற்பார்வையாளர் வந்து சோதனை எதுவும் செய்யாமல் சென்றது, பிளம்பரின் அழுத்தச் சோதனை முடிவு ஆகியவை வரிசையாக அதில் இருக்க வேண்டும். குறிப்பிட்ட நாளில் சுவரைத் திறக்கப் போகிறோம், உங்கள் பொறியாளரை அனுப்பி உடனிருந்து பார்க்கலாம் என்று அழைப்பும் விடுங்கள். வந்தால் அவர்கள் முன்னிலையிலேயே உண்மை வெளிப்படும். வராவிட்டால், "எங்களுக்குத் தெரியாமல் உடைத்துவிட்டார்கள்" என்று பிறகு சொல்லும் வாய்ப்பை அவர்களே இழந்துவிடுவார்கள். செலவழித்துவிட்டுக் கேட்பதா, காத்திருப்பதா என்ற உங்கள் கேள்விக்கு என் விடை இதுதான்: 30 நாள் அவகாசம் கொடுத்து, அது கடந்ததும் சான்றுகளைப் பாதுகாத்தபடி நீங்களே சரிசெய்துவிட்டு, ரசீதோடு செலவைக் கேளுங்கள். சேதம் பெருகாமல் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு பாதிக்கப்பட்டவருக்கும் உண்டு என்பதால், வழக்கு முடியட்டும் என்று சுவரை இற்றுப்போக விடுவது உங்கள் தரப்புக்கே கேடாக முடியும். மின்சார ஆபத்து முற்றினால் அந்த 30 நாளுக்கும் காத்திருக்க வேண்டாம். காரணத்தை எழுதித் தெரிவித்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

எங்கே போவது என்பதில் உங்களுக்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, சென்னையிலுள்ள தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையம். கட்டுநரின் அலுவலகம் புதுச்சேரியில் இருந்தாலும் கட்டடம் கடலூரில் இருப்பதால் தமிழ்நாட்டு ஆணையத்துக்கே அதிகாரம். புதுச்சேரிக்கென உள்ள தனி ஆணையம் அங்குள்ள கட்டடங்களுக்கு உரியது. குறையைச் சரிசெய்து தரும்படி உத்தரவு கேட்பதென்றால் ஆணையத்திடமும், இழப்பீடு கேட்பதென்றால் ரெரா சட்டப்படி நியமிக்கப்பட்ட தீர்ப்பளிக்கும் அலுவலரிடமும் மனு செய்ய வேண்டும்.

மற்றொன்று, கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கொடுத்த விலை 50 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருப்பதால் உங்கள் வழக்கை மாவட்ட ஆணையமே விசாரிக்கலாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, புகார் செய்பவர் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குத் தொடர இடம் தருகிறது. ஆகவே கடிதத்தின் அந்தக் கடைசி வரியைப் படித்துவிட்டு நீங்கள் புதுச்சேரிக்கு அலைய வேண்டியதில்லை. ரெரா சட்டம் இருப்பதால் நுகர்வோர் ஆணையத்தை நாடக் கூடாது என்று கட்டுநர் வாதிட்டால், இரண்டு வழிகளும் திறந்தே இருக்கின்றன என்று 2020 நவம்பரில் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனால் ஒரே நிவாரணத்துக்காக இரண்டு இடத்திலும் ஒரே நேரத்தில் நிற்க வேண்டாம், ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் தொகையையும், மாமியாரை வைத்துக்கொண்டு சென்னைக்குப் போய்வரும் சிரமத்தையும் பார்க்கும்போது நான் கடலூரையே சொல்வேன்.

காலக்கெடுவில் மட்டும் கவனமாக இருங்கள். நுகர்வோர் வழக்குக்கு இரண்டு ஆண்டுகள் அவகாசம். அதை மறுப்புக் கடிதத்தின் தேதியிலிருந்து எண்ணலாம் என்று வாதிட இடமிருந்தாலும், பாதுகாப்பாக, ஈரத்தை முதலில் கண்ட 2025 பிப்ரவரியிலிருந்தே எண்ணிக்கொள்ளுங்கள்.

திருப்பாதிரிப்புலியூர் (பதில்)

சகோதரி, எங்கள் வீட்டிலும் இதே போன்ற மறுப்பு வந்து, நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடுத்த பிறகு சமரச மையத்தில் பேசி முடிந்தது. எனக்குப் பெரிதும் கைகொடுத்தவை இரண்டு. முதலாவது, கீழ்வீட்டாரிடமிருந்தும் குடியிருப்போர் சங்கத்திடமிருந்தும் வாங்கிய கடிதங்கள். கசிவு எந்த மாதம் தொடங்கியது, எங்கே தெரிகிறது என்பதை வழக்கோடு நேரடித் தொடர்பில்லாத ஒருவர் எழுதித் தரும்போது அதற்குத் தனி மதிப்பு இருக்கிறது. மேலும், உங்கள் வரிசையில் மேலும் கீழும் உள்ள வீடுகளிலும் அதே பிளம்பிங் ஒப்பந்ததாரர்தான் வேலை செய்திருப்பார். அங்கேயும் கசிவு இருந்தால் அதைக் கேட்டறிந்து சேர்த்துவிடுங்கள்.

இரண்டாவது, வீட்டுக்கடனோடு சேர்த்து எடுக்கப்பட்ட காப்பீடு. நாங்கள் அதை மறந்தே போயிருந்தோம், வங்கி மேலாளர்தான் நினைவூட்டினார். 2021 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பாரத் கிருஹ ரக்ஷா பாலிசியில், தண்ணீர்த் தொட்டிகளும் குழாய்களும் வெடித்தோ நிரம்பி வழிந்தோ ஏற்படும் சேதமும் அடங்கும். ஆனால் திடீரென வெடித்த குழாயையும் நாள்பட்ட கசிவையும் காப்பீட்டு நிறுவனங்கள் ஒன்றாகப் பார்ப்பதில்லை. கட்டுநருக்கு "தொடக்கத்திலிருந்தே இருந்த குறைபாடு" என்றும் காப்பீட்டு நிறுவனத்துக்கு "திடீரென வெடித்தது" என்றும் எழுதினால், ஒரு கடிதத்தை வைத்தே மற்றொன்றை மறுப்பார்கள். நடந்ததை நடந்தபடி இரண்டு இடத்திலும் ஒரே மாதிரி எழுதுங்கள். காப்பீட்டிலும் மறுப்பு வந்தால் சென்னையிலுள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடலூரும் புதுச்சேரி நகரும் அவருடைய எல்லைக்குள்தான் வருகின்றன.

செம்மண்டலம் வாசி

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. எம்சிபியை அணைத்துவிட்டோம். அழுத்தச் சோதனைக்கு ஒரு பிளம்பரிடம் பேசியிருக்கிறேன். சோதனையின்போது சங்கச் செயலாளரும் கீழ்வீட்டு அண்ணனும் உடனிருக்க ஒப்புக்கொண்டார்கள். வழக்கறிஞர் ஐயாவிடம் இன்னும் இரண்டு ஐயங்கள். பிளம்பர் தன் கைப்பட எழுதித் தரும் தாளை ஆணையம் ஏற்குமா? மேற்பார்வையாளருடன் நடந்த உரையாடல் முழுவதும் வாட்ஸ்அப்பில்தான் இருக்கிறது. "இது எல்லா பிளாக்கிலும் வருகிறது மேடம்" என்று அவரே ஒரு குரல் பதிவில் சொல்லியிருக்கிறார். அதைப் பயன்படுத்த முடியுமா?

வழக்கறிஞர், கடலூர்

அந்தக் குரல் பதிவு மிக முக்கியமான சான்று. இன்றே அதைக் கைப்பேசியிலிருந்து தனியாகப் பிரதி எடுத்து வையுங்கள். மூலப் பதிவு இருக்கும் கைப்பேசியை மாற்றவோ, உரையாடலை அழிக்கவோ வேண்டாம். மின்னணுப் பதிவுகளைச் சான்றாகத் தாக்கல் செய்யும்போது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவின்படி ஒரு சான்றிதழையும் இணைத்துவிடுவது நல்லது. பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி என்று அறியப்பட்டது இதுவே. புகைப்படங்களுக்கும் அழுத்தமானிக் காணொளிக்கும் சேர்த்தே அதைத் தயாரித்துக்கொள்ளலாம். குரல் பதிவில் பேசப்பட்டதை எழுத்தாக்கி, தேதி நேரத்துடன் தனித் தாளில் கொடுங்கள்.

பிளம்பரின் தாள் செல்லும், ஆனால் தனியாக நின்றால் அதன் எடை குறைவு. பதிவு பெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவரை அதே சோதனைக்கு வரவழைத்து, தன் கடிதத்தாளில் அறிக்கை தரச் சொல்லுங்கள்; பிளம்பர் சோதனை செய்யட்டும், பொறியாளர் அதைக் கண்டு காரணத்தை எழுதட்டும். பிறகு இருவரும் தனித்தனியாகப் பிரமாணப் பத்திரம் கொடுக்கலாம். எதிர்த்தரப்பு அந்த அறிக்கையை மறுத்தால், ஆணையமே ஒரு வழக்கறிஞர் ஆணையரையும் நிபுணரையும் அனுப்பி வீட்டைப் பார்வையிடச் சொல்லும்படி மனு செய்யலாம். சுவரைத் திறப்பதற்கு முன் அந்த மனு தேவைப்படுமா என்பது கட்டுநரின் பதிலைப் பொறுத்தது. ஆகவே 30 நாள் அறிவிப்பு அவர்கள் கைக்குச் சேர்ந்த ஒப்புகை வந்ததும் இங்கேயே எழுதுங்கள். அடுத்து செய்ய வேண்டியதை அந்தத் தேதியை வைத்துத் தீர்மானிப்போம்.